ஈறு நிற வளையம்

"கையை எடுங்கக்கா, சுடுது!"

பக்கத்தில் நின்றவர் கத்தியும் விதாத் கையை எடுக்கவில்லை. நான்காவது திருகையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். ஹல்வா டின்னுக்குள் இரண்டு பேட்டரிகள். ஒன்று சும்மா இருந்தது. மற்றது விரல் வைக்க முடியாதபடி கொதித்தது. அதன் தொப்பியைப் பிடுங்கி எடுத்தாள்.

ஷுக்ரி ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். தொலைபேசித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பாட்டு கேக்கலாம்னு வந்தேன். டாக்டரம்மா முட்டை அவிச்சுத் தர்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். விதாத்தும் சிரித்தாள். காது மட்டும் சூடாகிவிட்டது.

பாப் அல்-லூக்கில் ஹாஜ் ஸக்லூலின் உதிரிபாகக் கடையில், மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கூடுவார்கள். ஹாஜையும் சேர்த்து ஒன்பது பேர். ஹெட்ஃபோனுக்குத் தெம்பு கொடுக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர்களைக் கையால் செய்கிறவர்கள். கொண்டுவந்ததை மேசையில் வைக்க வேண்டும், எல்லோரும் கேட்பார்கள், பிறகு செய்தவரே மூடியைத் திறந்து காட்ட வேண்டும். ஆளுக்கொரு ரெசிஸ்டரை, தனக்குப் பிடித்த பெட்டியின் முன் வாக்காக வைப்பார்கள். அதிகம் பெற்ற பெட்டி அடுத்த கூட்டம் வரை கடை முகப்பில் இருக்கும். கெய்ரோவின் எந்த மூலையிலிருந்து எவர் எதை வாங்க வந்தாலும் அதில்தான் கேட்டுப் பார்ப்பார். கீழே ஒரு காகிதத்தில் செய்தவர் பெயர்.

அந்தக் காகிதம் விதாத்துக்கு வேண்டும்.

பத்தொன்பது வயதில் ஃபலக்கி தெருவில் உள்ள பல்செட் பட்டறைக்கு வேலைக்கு வந்தவள். இப்போது ஐம்பத்திரண்டு. மெழுகில் பல் அடுக்குவது, ஈறு வார்ப்பது, மெருகேற்றுவது எல்லாம் அவள் கைதான். பில்லில் டாக்டர் பெயர் இருக்கும். நகரத்தில் எத்தனையோ வாய்கள் அவள் செய்த பல்லால் கடிக்கின்றன, சிரிக்கின்றன, பொய் சொல்கின்றன. ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அதில் அவளுக்குக் குறை இருந்ததில்லை. பல்செட் என்பது யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டிய சாமான்.

ஆம்ப் அப்படியல்ல.

கணவர் லபீப் மெட்ரோ ரயில் ஓட்டுகிறார். விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டியவர், எட்டரைக்கே தூங்கிவிடுவார். ஷுப்ராவில் இரண்டு அறை வீடு, சுவர் காகிதம் மாதிரி. அதனால் அவள் ஹெட்ஃபோன் வாங்கினாள். ஃபோனிலிருந்து வந்த ஒலி நோயாளி பேசுவது போல இருந்தது. யாரோ ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்று வரைபடம் கொடுத்தார்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்க உட்கார்ந்த முதல் நாளே, இந்த வேலையைத் தன் கைக்கு ஏற்கெனவே தெரியும் என்று கண்டுகொண்டாள். இது நடந்து ஆறு வருடம்.

இரண்டு முறை பெட்டியில்லாத வெறும் போர்டைக் கொண்டுவந்தாள். "துணி உடுத்தாததை மேசைல ஏத்த மாட்டேன்மா," என்று ஹாஜ் திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறைக்கு ஹல்வா டின்னை எடுத்தாள். வியாழக்கிழமை மதியம் பொருத்திக் கேட்டபோது அருமையாகப் பாடியது. சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றி டின்னுக்கு மெருகேற்றினாள். காலையில் புது பேட்டரி போட்டு மூடினாள். திரும்பக் கேட்டுப் பார்க்கவில்லை.

"அடுத்த மாசம் கொண்டாங்க," என்றார் ஷுக்ரி. "இது ஒண்ணும் பல்லு இல்லையே, ராவுனா சரியாப் போறதுக்கு."

விதாத் டின்னை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். உள்பக்கம் கண்ணாடி போல மின்னியது. அவள் முகமே தெரிந்தது.

"வார்னிஷ்," என்றாள்.

"என்னது?"

"டின்னுக்குள்ள தங்கக் கலர்ல வார்னிஷ் பூசியிருப்பாங்கல்ல. நேத்து அதையும் சேத்து மெருகு போட்டுட்டேன்."

ஹாஜ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஹெட்ஃபோன் சாக்கெட்டின் உலோக உடம்பு இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவே இணைந்தது. சார்ஜ் சாக்கெட்டின் உடம்பு கடைசி முனையில். மின்சாரம் கடத்தாத வார்னிஷ் இருந்தவரை இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை. இப்போது இரண்டும் ஒரே தகரத்தைத் தொட்டு, இடையில் மாட்டிய பேட்டரி தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தது.

"யாரும்மா டின்னுக்கு உள்பக்கம் பாலிஷ் போடுவாங்க?"

"பல்செட் செய்றவ போடுவா ஹாஜ். உள்பக்கம்தான் நாக்கு படும்."

ஷுக்ரி கூட இதற்குச் சிரித்துவிட்டார்.

"மேசை எதுவரைக்கும் இருக்கும்?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் மக்ரிப் பாங்கு வரைக்கும்," என்றார் ஹாஜ்.

"வரிசையில என் பேரை அழிச்சிடாதீங்க."

பாதித் தேநீரை அப்படியே விட்டுவிட்டு, டின்னைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும். சாவி அவளிடம்தான். சார்ஜ் சாக்கெட்டைக் கழற்றி, பல் ராவும் மெல்லிய முனையால் அந்தத் துளையை அகலமாக்கினாள். கிண்ணத்தில் ஈறு வார்க்கும் மாவைக் கொட்டி, அதன் திரவத்தை ஊற்றிக் கிளறினாள். மூக்கை அறுக்கும் வாசனை. முப்பத்து மூன்று வருடமாக அவள் உடையில், தலைமுடியில், சோற்றில் இருக்கும் வாசனை. கலவை நூலாக இழுபடும் பதத்திலிருந்து மாவுப் பதத்துக்கு வரும் நொடியை விரல் சொன்னது. துளையைச் சுற்றி இளஞ்சிவப்பில் வளையம் வைத்து, நடுவில் சாக்கெட்டுக்கு இடம் விட்டாள்.

இறுகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அலமாரியில் சனிக்கிழமை போக வேண்டிய இரண்டு மேல்வரிசைப் பல்செட்டுகள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

இறுகியது. சாக்கெட்டை மாட்டி மீட்டரின் இரு முனைகளையும் வைத்தாள். பீப் இல்லை, தொடர்பு அறுந்திருந்தது. தகரம் ஊமையாகிவிட்டது. கிளம்ப வேண்டியதுதான். வாசல் வரை போனவள் திரும்பி வந்து துணிச் சக்கரத்தை ஓடவிட்டு, வளையத்துக்கு மட்டும் மெருகு போட்டாள். மெருகு இல்லாமல் எதுவும் அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை.

வழியில் ஒரு புது பேட்டரி வாங்கினாள்.

டின்னை மேசையில் வைத்ததும் ஒருவர், "ஐயோ, இதுக்கு ஈறு முளைச்சிருச்சு!" என்றார்.

"கடிச்சு வெச்சிரப் போவுது, பாத்து," என்றார் ஷுக்ரி.

"முதல்ல கேளுங்க பாஷா. அப்புறம் கடி வாங்கலாம்," என்றாள் விதாத். ஷுக்ரியை மரியாதையாக அப்படித்தான் அழைப்பாள்.

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கடைசியாக ஷுக்ரி தன்னுடைய ஹெட்ஃபோனையே செருகி, எப்போதும் போடும் பழைய கச்சேரிப் பதிவைப் போட்டார். பாடல் தொடங்கும் முன்பே கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார்.

"கானூன் தந்தி மீட்டறவன் விரல் மோதிரத்தைச் சரி பண்றான்," என்றார். "டிக்னு ஒரு சத்தம். இருபது வருஷமா கேக்கறேன். இதைக் கேட்டதில்ல."

விதாத் மூடியைத் திறந்தாள். டின் கைக்குக் கை போனது. பற்றவைத்த புள்ளிகள் ஒரே அளவில், அரிசி வரிசை போல இருந்தன. ஹாஜ் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப வைத்தார்.

ஒன்பது ரெசிஸ்டர். ஆறு அவளுக்கு. ஒன்று மூலையில் இருந்த பெட்டிக்கு. ஷுக்ரி தன்னுடையதைத் தன் பெட்டிக்கே வைத்தார். "நானும் போடலன்னா அது அழும்." விதாத்தும் தன்னுடையதை ஷுக்ரியின் பெட்டி முன்தான் வைத்தாள். அது நல்ல பெட்டி.

ஹாஜ் காகிதம் எடுத்தார். "எப்படி எழுதட்டும்மா? டாக்டரம்மானா?"

"விதாத்னு. பல்செட் செய்றவள்னும் எழுதுங்க."

மக்ரிப் பாங்கு கேட்டது. கடையைச் சாத்தும்போது ஷுக்ரி பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த ரோஸ் மாவு எங்கம்மா கிடைக்கும்?"

"பல்லு விழட்டும் பாஷா. வாங்க, தர்றேன்."

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறந்தாள். இரண்டு மேல்வரிசைகளும் போயின. நிறம் சரியில்லை என்று ஒரு டாக்டர் ஃபோன் செய்தார். மதியச் சாப்பாட்டுக்குக் குஷரி வாங்கச் சுற்று வழியில் போனாள். ஹாஜ் கடை முகப்பில் டின் இருந்தது. கெப்பாசிட்டர் வாங்க வந்த ஒருவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நின்றார். அவள் உள்ளே போகவில்லை. மூன்று மணிக்குப் புதிய தாடை அச்சுகள் வந்தன. ஐந்துக்குப் பூட்டினாள்.