சரிவு இல்லாத ஓரம்

அச்சுக்காரரின் முன்கோபம் அந்தத் தொழிற்சாலைக்கே தெரியும். கட்டடங்களுக்குக் கான்கிரீட் பலகை வார்க்க மர அச்சு செய்வது அவர் வேலை. அச்சின் வாய் அடியைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தாக வேண்டும் அவருக்கு. வாளியில் மணலை அடைத்துக் கவிழ்த்தால் பொத்தென்று விழுகிறதல்லவா, அதே கணக்கு; அந்தச் சரிவு இருந்தால்தான் பலகை சிக்காமல் கழன்று வரும். “சரிவு எங்கடா?” என்று கத்திக்கொண்டே எறிந்த உளி, ஒருமுறை ஒரு தச்சனின் காதைக் கிழித்திருக்கிறது. அன்றிலிருந்து அவருக்குப் பட்டப்பெயரே சரிவு.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஓவியரின் வாய்ச்சொல்லில் விழுந்தார்.

புதிய அரங்கத்தின் முகப்பு முழுக்க அந்த ஓவியர் வரைந்த பறவை. ஒரே அச்சில் இருநூறு பலகைகள் வார்க்க வேண்டும். ஓவியர் அச்சைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார்.

“இறக்கை ஓரம் மழுங்கலா இருக்கே. நேரா வெட்டினா வெயில்ல நிழல் கத்தி மாதிரி விழும். உங்களால முடியாதா?”

முடியாதா என்று கேட்டுவிட்டால் போதும், அச்சுக்காரருக்குத் தலைக்கேறிவிடும். இருந்த சரிவை எல்லாம் சீவி எறிந்தார். அப்படி வெட்டிய ஓரத்தின் அழகில் அவரே சொக்கிப்போனார் என்பதையும் மறைப்பானேன்.

முதல் பலகை இறுகியது. கிரேன் சங்கிலியை மாட்டுவது அவருடைய சொந்தத் தம்பி.

“அண்ணே, பலகையை நல்லா கவ்விக்கிச்சு. அச்சை உடைச்சிரலாம்.”

“உடைச்சா ஓரம் போயிடும். இழுக்கும்போது பக்கத்துல நின்னு தட்டு. ஓங்கித் தட்டுடா!”

தம்பி தட்டினான். கிரேன் இழுத்தது. மரம் கிறீச்சிட்டது. இரண்டு டன் பலகை ஒரே உதறலில் பிய்த்துக்கொண்டு வந்து, வீசிய வேகத்தில் தம்பியைத் தூணோடு சேர்த்து அறைந்தது. தோள் நொறுங்கிய சத்தம் இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்டது. இறக்கையின் பள்ளமெல்லாம் ரத்தம்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் மேலாளர் பலகையைச் சுற்றி வந்தார். “ஒரு ஓரம்கூட உடையல. கழுவிட்டு அடுத்ததை ஊத்துங்க.”

அச்சுக்காரர் விட்ட குத்தில் மேலாளரின் பல் இரண்டு தரையில் விழுந்தன. ஓவியர் ஓடியே போய்விட்டார். பிறகு சம்மட்டி அச்சின்மேல் இறங்கியது. “நான்தான்டா சீவினேன், நான்தான்டா!” என்று அலறி அலறி அடித்தார். மரச்சிலாம்பு தெறித்து முகமெல்லாம் கிழிந்தும் நிறுத்தவில்லை. நான்கு பேர் கட்டிப் பிடிப்பதற்குள் அச்சு விறகாகிவிட்டது.

தம்பியின் வலது கையைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். மறுநாள் மதியம்தான் கண் திறந்தான்.

“அண்ணே... ஓரம் நல்லா வந்துச்சா?”

“நல்லா வந்துச்சுடா.”

சொன்ன வாயிலேயே அறைந்துகொண்டார். செவிலியர் ஓடிவந்து கையைப் பிடிக்கும்வரை அறைந்துகொண்டே இருந்தார்.