பதிமூன்றாம் ஸ்தலம்

ஐம்பத்தொன்றாம் வருஷம் வரைக்கும் எங்கள் ராயபுரம் கோயிலில் ஒரு விசித்திரம் நடந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினாலு ஸ்தலங்களிலும் நின்று சிலுவைப்பாதை செய்யும்போது, முதல் பன்னிரண்டு ஸ்தலங்களுக்குப் பாட்டு உண்டு, பதினாலாவதுக்கும் உண்டு. பதிமூன்றாவதில் மட்டும் எல்லாரும் முழந்தாளிட்டு வாயை மூடிக்கொண்டிருப்போம். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மாதா மடியில் வாங்குகிற ஸ்தலம் அது. வெளியூர்ச் சாமியார் ஒருவர் எங்கள் பக்தியை ரொம்பவும் மெச்சிவிட்டுப் போனார். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. கஸ்பார் பாட்டை முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கஸ்பார் துறைமுகத்தில் விஞ்சு என்கிற பளுதூக்கி ஓட்டுகிறவன். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டையையும் இரும்பையும் தூக்கிக் கரையில் நோகாமல் இறக்குவான். பேச்சு குறைவு. ஆனால் பாட்டுக் கட்ட உட்கார்ந்தால் வேறு ஆள். மாதாவே புலம்புகிற மாதிரி பதினாலு ஸ்தலத்துக்கும் எழுதித் தருகிறேன் என்று பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்தான். பதினாலாவதான கல்லறைப் பாட்டைக்கூட முன்னாலேயே எழுதிவிட்டான். பதிமூன்றாவது நன்றாக வரவேண்டும் என்று அதைக் கடைசிக்கு வைத்தான். கோயிலில் அவன் பக்கத்தில் நின்று பாடுகிறவன் நான். ஆறப்போடாதே என்று அப்போதே சொன்னேன், கேட்கவில்லை.

அது யுத்த காலம். அவனுடைய ஒரே பிள்ளை பாஸ்கல், சரக்குக் கப்பலில் கரி தள்ளுகிற வேலைக்குப் போனான். கப்பல் கொழும்பை விட்டது வரைக்கும் தகவல் உண்டு. அப்புறம் கப்பலும் இல்லை, ஆளும் இல்லை.

கஸ்பாரின் மனைவி அடைக்கலமேரி அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளன்று, நம் ஜெபத்துக்குக் காத்திருக்கிற ஆத்துமாக்கள் மோட்சம் சேர, செத்தவர்களின் பேர்களைப் பூசையில் வாசிப்பார்கள். பாஸ்கலின் பேரைக் கொடுக்க அவள் விடவில்லை. கடலில் இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கும்போதுதான் அவன் பேரைச் சொல்வாள். எனக்குக் கோபமாக வரும். என்ன பிடிவாதம் இது என்று கஸ்பாரிடமே கேட்டிருக்கிறேன்.

அடுத்த தவக்காலத்தில் அவன் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் வந்து பிடுங்கிக்கொண்டாளாம்.

“எளுதாத. நீ எளுதினா என் புள்ள செத்துட்டான்னு ஆயிடும்.”

அதோடு விட்டுவிட்டான். பங்குச் சாமியார் விடவில்லை. தொடங்கி வைத்த ஆண்டவர் பாதியில் விடமாட்டார், உன் துக்கத்தையே அவர் காலடியில் வைத்து எழுது என்று வருஷா வருஷம் சொல்வார். வேறு பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டதற்கு, கஸ்பார் எழுதுவான், அதுவரை அவன் இடம் காலியாகவே இருக்கட்டும் என்றுவிட்டார். எங்கள் ஜனத்துக்குச் சொல்லவா வேண்டும்? காலி இடத்தை வழக்கமாக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் இருமிய குழந்தையைத் தாய் கிள்ளியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஐம்பத்தொன்றில், பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி. பதிமூன்றாவதில் எல்லாரும் தலைகுனிந்திருக்க, அடைக்கலமேரி மட்டும் சுவரிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதாவின் மடியில் மகன் கிடக்கிற படம். வீட்டுக்குப் போனதும் பென்சிலை எடுத்துக் கஸ்பார் முன்னால் வைத்தாள். இதை அவனே எனக்குச் சொன்னான்.

“நாள்பூரா பாரம் எறக்கிகினு கீற. அவர மட்டும் இத்தினி வருசமா சிலுவையிலயே தொங்க வுட்டுட்ட. எறக்குய்யா. எனக்குத்தான் வரல. அந்தம்மாவுக்காச்சும் அவங்க புள்ளையக் குடுத்துடு.”

அவனுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. மடியில் வாங்கினதும் அந்தம்மா என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவளையே கேட்டான். அவள் கொஞ்ச நேரம் தன் மடியைப் பார்த்தாள்.

“சொல்றதுக்கு இன்னா கீது? வளந்த புள்ள. மடியில கொள்ள மாட்டான். காலு தரையில கெடக்கும்.”

அதையே கஸ்பார் பாட்டாகக் கட்டி அவளுக்குப் பாடிக் காட்டினான்.

பெரிய வெள்ளியன்று கோயில் நிரம்பியிருந்தது. பதிமூன்றாவதில் ஜனம் வழக்கம்போல் அடங்கியது. கஸ்பார் எழுந்தான், வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அடைக்கலமேரி பாடினாள்.

தொட்டிலிலே கொண்ட மகன் மடியினிலே கொள்ளலையே,
கட்டி நான் அணைக்கையிலே காலிரண்டும் மண்ணிலய்யா.

பாடி முடித்ததும் அழுதாள். அத்தனை வருஷத்து அழுகை. கூட இருந்த பெண்களும் அழுதார்கள். நல்ல வழக்கத்தைக் கஸ்பார் கெடுத்துவிட்டான் என்று வெளியே இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நான் அவர்களை நன்றாகத் திட்டிவிட்டேன்.

அந்த நவம்பரில் அவளே போய் மகன் பேரைக் கொடுத்தாள். பூசையில் செத்தவர்களின் பேர்களுக்கு நடுவே ‘பாஸ்கல்’ என்று வாசித்ததும், கஸ்பார் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டான். பின்னாலேயே போனேன். கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். எழுதி முடித்தவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டேன்.

“அவ நம்பிகினு இருந்தா. நான் அவளப் பாத்து நம்பிகினு இருந்தேன். இப்போ நான் யாரப் பாக்கறது?”

இத்தனை வருஷமும் அவளைத்தானே நான் குறை சொன்னேன்.

அடைக்கலமேரி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

“உள்ளாற வா. செத்தவன்னு நெனைக்காம, அவன் ஆத்துமாவுக்கு இத்தினி வருசம் ஒரு ஜெபங்கூட பண்ணாம வுட்டுட்டோம். புள்ள காத்துகினு கீறான்.”

கஸ்பார் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளோடு உள்ளே போனான்.