பேட்டரியும் மாமனாரின் ஊக்கும்

எலக்ட்ரிக் சைக்கிளுக்கு பேட்டரி வாங்க இன்று மனைவியோடு மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போனேன்.

கடைக்காரர் லித்தியம் பாலிமர் பேக் ஒன்றைக் கையில் கொடுத்தார். தட்டையாக, மெத்தென்று இருந்தது.

"வெயிட்டே தெரியாது சார். இந்தத் துணிப் பையில போட்டு ஃபிரேம்ல மாட்டிக்கலாம், அஷ்டே, அவ்வளவுதான்."

எனக்குப் பிடித்துவிட்டது.

மனைவி அந்தப் பையைத் தடவிப் பார்த்தாள். "ஆயுத பூஜைக்கு எங்கப்பா இதுலதானே ஊக்கு வச்சு பூ குத்துவார்?"

கடைக்காரர் பதறிவிட்டார். "குத்தறதா? உள்ள பேட்டரிக்கு வெறும் மெல்லிசு உறைதான் மேடம். ஊக்கு பட்டா புகைஞ்சு பத்திக்கும்!"

"அவர்கிட்ட சொல்லிடலாமே" என்றேன்.

"சொன்னா கேக்கறவரா? போன தசராவுக்கு உங்க ஸ்கூட்டர் சீட்டையே கிழிச்சார்."

உண்மைதான். மாமனார் மிக்ஸியைக்கூடப் பூ வைக்காமல் விட்டதில்லை.

ஆகவே இரும்புப் பெட்டிக்குள் வருகிற வேறு பேட்டரியை வாங்கினோம். இரண்டு மடங்கு கனம். மேட்டில் முனகிக்கொண்டுதான் ஏறும். பரவாயில்லை, வீடு பத்திரமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் பெட்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

"இதுல ஊக்கு இறங்காது போலருக்கே. மாப்ளே, அந்த ட்ரில்லிங் மெஷின் எங்க இருக்கு?"

தசராவுக்குள் அந்த மெஷினை ஒளித்துவைக்க நல்ல இடமாக ஒன்று சொல்லுங்கள். பரண் வேண்டாம், அங்கே அவர் ஏறுவார்.