அடிமைக்கு எதுக்கு ஆசை

சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த நாள்களில், காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டில், ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு கிராணி குடியிருந்தார். வீட்டிலும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான். வாயைத் திறந்தால் "ரூல்னா ரூல்தான்" என்பார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அவர் சொந்தமாக ஒரு பகடை ஆட்டம் உண்டாக்கினார். பலகையில் ஒரு மாயத்தீவை வரைந்து, நான்கு காய்களுக்கும் வெவ்வேறு இலக்கு வைத்தார். ராஜா தீவைப் பிடிக்க வேண்டும். மந்திரவாதி பறக்கும் நாகத்தை வசப்படுத்த வேண்டும். வணிகன் கப்பலை நிரப்ப வேண்டும். அடிமை கடைசிவரை உயிரோடு இருந்தால் போதும். ராஜா எப்போதும் அவர்தான். ஆடக் கூப்பிட்ட எனக்கும் அத்தானுக்கும் மந்திரவாதியையும் வணிகனையும் கொடுத்துவிட்டு, அடிமைக் காயை அக்காவிடம் தள்ளினார்.

"அடிமை தப்பிச்சுப் போனா ஜெயிச்சதா வைக்கக் கூடாதாய்யா?" என்று அக்கா கேட்டாள்.

"அடிமைக்கு எதுக்கும்மா அந்த ஆசையெல்லாம்?" என்று சிரித்தார்.

ஆட்டத்தில் ராஜா, மந்திரவாதி, வணிகன் மூன்று காய்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வெளியேறின. அக்காவின் காய் மட்டும் நின்றது. தான் வரைந்த தீவைக்கூட ஆளத் தெரியாத அந்த ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ராஜா இல்லாம அடிமை ஏது? இது செல்லாது. ரூலை மாத்தணும்" என்றார்.

அக்கா எழுந்துவிட்டாள். "அப்ப நீங்களே நாலு பேருக்கும் ஆடிக்குங்க லா."

அவர் உண்மையிலேயே ஆடினார். மறுநாள் மாலை சன்னல் வழியாகப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து நான்கு பேருக்கும் பகடை உருட்டிக்கொண்டிருந்தார். அடிமையின் முறையில் நல்ல எண் விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விரலால் பகடையை மெல்லப் புரட்டி வைத்தார்.

ஆளில்லாத அந்த அறையில் அவர் யாரை ஏமாற்றினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.