பையா, ஊசியா

பொருள் எதுவானாலும், அதைக் கேட்கும் துறை தேவைக்கான காரணத்தை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே கொள்முதல் வேலை தொடங்க வேண்டும். எண்ணூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் விதிகளில் இது முதல் பக்கத்திலேயே இருந்தது. காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தால், கேட்பது போல்ட்டானாலும் பாய்லரானாலும், காகிதம் வந்த வழியே திரும்பிப் போகும். அதைத் திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகம். பல பொறியாளர்கள் என்னை மனதுக்குள் திட்டியிருக்கிறார்கள். சிலர் வாய்விட்டும்.

ஓய்வுபெற்ற பிறகு ராயபுரத்தில் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தேன். கீழே ஒரு பியூட்டி பார்லர். அதை நடத்தியவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பெண் குழந்தைகள், கப்பலில் வேலை செய்யும் கணவன். 2008-ஆம் ஆண்டு மழை தொடங்கும் முன்பு ஒரு மதியம் அவள் மாடியேறி வந்து, கதவைச் சாத்திவிட்டு, மார்பைப் பெரிதாக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். கையில் கூவத்துக்கு அந்தப் பக்கமிருந்த ஒரு கிளினிக்கின் விளம்பரத் தாள்கள், எல்லாம் ஆங்கிலத்தில்.

"நீங்க படிச்சவங்க. எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க ஆன்ட்டி. பையா, ஊசியா, அத்த மட்டும் சொன்னாப் போதும்."

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தக் காலிக் கட்டம்தான்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"இன்னா எதுக்கு? எனக்குத்தான்."

"காரணம் கேக்கறேன். வீட்டுக்காரர் சொன்னாரா?"

"அவரா? ஆறு மாசம் கழிச்சி வூட்டுக்கு வந்தா மொதல்ல டிவி ரிமோட்டத் தேடுவாரு. அவரு எங்க இதெல்லாம் பாக்கறாரு?"

பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னாள். எம்.சி. ரோடில் பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தாளாம். தையல்காரர் தானாகவே உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். "நான் கேக்கவே இல்ல ஆன்ட்டி. பாவம், உதவி பண்றாராம்." சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுதான் காரணமா என்று கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "அதுக்காவ யாரனா ஆபரேஷன் பண்ணிப்பாங்களா? வேணும்னு தோணுது. அவ்ளோதான்."

வேணும்னு தோணுது என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எனக்குப் புரியவில்லை. திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவற்றைப் படிக்க இரண்டு மதியங்கள் பிடித்தன. பழைய முறை புரிந்தது: மார்புக்குக் கீழே கீறி, சிலிகான் நிரப்பிய பையை உள்ளே வைத்துத் தைப்பது. நாளடைவில் பையைச் சுற்றி உடம்பே ஓர் உறை கட்டும். சிலருக்கு அது இறுகிக் கெட்டியாகும். பை ஆயுளுக்கும் நிற்காது, என்றாவது மாற்ற வேண்டி வரும். புதிய முறைகளில் ஒன்று, வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி எடுத்து மார்பில் செலுத்துவது. சொந்தச் சரக்கு, அந்நியப் பொருள் இல்லை. ஆனால் செலுத்தியதில் ஒரு பங்கை உடம்பு கரைத்துவிடும். மிஞ்சியதில் சிறு கட்டிகள் விழுந்தால், பின்னாளில் புற்றுநோய்ப் பரிசோதனையில் குழப்பம் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், அவள் உடம்பில் எடுப்பதற்குக் கொழுப்பே கிடையாது. ஸ்டோர்ஸ் மொழியில் சொன்னால், இருப்பு இல்லை. பிராவைப் போல மாட்டிக்கொண்டு நாளெல்லாம் காற்றை உறிஞ்சும் கிண்ணங்கள், டிவியில் விற்கும் கிரீம்கள் ஆகியவற்றை ஓரமாக ஒதுக்கினேன்.

மிச்சமிருந்தது ஊசி. கத்தியில்லை, தையலில்லை, மாலையே வீடு திரும்பலாம். ஒரு ஜெல்லை ஊசி வழியே ஏற்றுவார்கள்; சில காலத்தில் கரைந்துவிடும், வேண்டுமானால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அவளுக்கு அதில்தான் ஆசை. பார்லரை ஒரு நாள்கூட மூட வேண்டாமே. ஆனால் நாலு பக்கத் தாளில் அந்த ஜெல் என்ன என்று எங்கேயும் இல்லை. "நவீனமானது" என்று மூன்று இடத்தில் இருந்தது.

இருவரும் கிளினிக்குக்குப் போனோம். மருத்துவர் இளைஞர், நல்ல மரியாதை.

"இந்த ஜெல்லோட பேர் என்ன? எதுல செய்யறாங்க?"

"இம்போர்ட்டட் மேடம்."

"எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் அதுக்குன்னு ஒரு டேட்டா ஷீட் இருக்குமில்ல?"

"மேடம், இது சிமென்ட் இல்ல."

"சிமென்ட்டா இருந்தா மூட்டை மேல எழுதியிருக்கும் டாக்டர்."

அவர் பொறுமையாகச் சிரித்தார். கேள்விகளை எழுதிக் கொடுத்தால் பதில் அனுப்புவதாகச் சொன்னார். அன்று மாலையே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். உள்ளே போவது என்ன, எத்தனை காலம் இருக்கும், ஏதாவது கோளாறு என்றால் பரவிய ஜெல்லை எப்படி வெளியே எடுப்பது, யார் எடுப்பது, பிறகு மார்பில் கட்டி வந்தால் பரிசோதனையில் தெரியுமா. கிளினிக்கை விட்டு வெளியே வரும்போதே அவள் என் காதோரம் முணுமுணுத்திருந்தாள்: "ஆன்ட்டி, நீங்க ஜெல்லு வாங்கறீங்களா, மில்லு வாங்கறீங்களா?"

தெரியாத பொருளை வாங்கும் முன்பு, ஏற்கெனவே வாங்கியவரிடம் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஊசி போட்டுக்கொண்டவர் ஒருவரையாவது காட்டுங்கள் என்று கேட்டதற்கு, அது ரகசியம் என்றார்கள். பை வைத்துக்கொண்ட ஒருத்தியை அவளே தேடிப் பிடித்தாள். பார்லருக்கு வருபவளின் அண்ணி. ஒரு காலத்தில் மேடைக் கச்சேரிகளில் ஆடியவள். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் மாவு மில் நடத்துகிறாள். வயது ஐம்பதுக்கு மேல்.

எங்களை உள்ளறைக்குக் கூட்டிப் போய், மில்லின் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலை மூடினாள். கையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டு, எந்தக் கூச்சமும் இல்லாமல் ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

"தொட்டுப் பாருங்க. கறி வாங்கறப்போ பாக்க மாட்டீங்க?"

பார்லர்காரி தொட்டாள். நான் நின்றேன்.

"நீயும் வாம்மா. கடிக்காது."

என் உத்தியோகத்தில் எத்தனையோ சரக்கைத் தட்டிப் பார்த்து ஏற்றிருக்கிறேன், நிராகரித்திருக்கிறேன். அன்று என் கைக்கு எதுவும் தெரியவில்லை. வலது பக்கம் மெத்தென்று இருந்தது. இடது பக்கம் டென்னிஸ் பந்தைப் போல இருந்தது.

"லெப்ட்டு கல்லாயிப் போச்சி. குளுருல வலிக்கும். குப்புறப் படுக்க முடியாது. டாக்டரு எடுத்துடறேன்னாரு, நான்தான் வாணாம்னுட்டேன்."

"வலிக்குதுன்னா ஏன் வேண்டாம்னீங்க?" என்று கேட்டேன்.

"இன்னாமா கேக்கற? இது என்னுது. பதினஞ்சு வருசமா என்கூடக் கீது. வலிக்கறதெல்லாம் எடுத்துப் போடறதுன்னா எங்க வூட்டுக்காரரத்தான் மொதல்ல எடுத்துப் போடணும்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பக்கம் பழுதாகி, வலியும் தருகிற பொருளை, உபயோகிப்பவர் திருப்பித் தர மறுக்கிறார். இதைப் பரிந்துரை என்று எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கை என்றா? திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்:

"உங்களுக்கு எப்பவாச்சும் இந்த மாதிரி தோணியிருக்கா ஆன்ட்டி? எதனாச்சும் வேணும்னு?"

"எனக்கா?" என்றேன். ஆட்டோவுக்குத் தர வேண்டிய சில்லறையை எடுத்து எண்ணினேன். லாரி போன பிறகு இன்னொரு தடவை எண்ணினேன்.

மழை வந்தது. கிளினிக்கிலிருந்து பதில் வரவில்லை. கேட்கப்பட்டவர்கள் எல்லோரிடமிருந்தும் பதில் வரும்வரை ஒப்பீட்டை முடிக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. அதைச் சொல்லி அவளைக் காத்திருக்கச் சொன்னேன். அது வருவதற்குள் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அவளும் வாக்குக் கொடுத்தாள். நினைவூட்டல் அனுப்பினேன். தொலைபேசியில் கேட்டால், டாக்டர் கான்பரன்ஸில் இருப்பதாக ஒரு பெண் சொல்வாள். இந்த வாரம் பதிவு செய்தால் தள்ளுபடி என்பதையும் சேர்த்துச் சொல்வாள். பார்லர் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளில், அவள் நாற்காலிகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள்:

"உங்க பதிலு வந்து சேர்றதுக்குள்ள எனக்குப் பேத்தி பொறந்துடும் ஆன்ட்டி. பேஜாராக் கீது."

"தெரியாத ஒண்ண உடம்புக்குள்ள விட்டா, திரும்ப எடுக்க வழி தெரியணுமில்லையா?"

"தெரியுது. அதான் போடாம கீறேன். ஆனா நீங்களும் போடாதன்னு சொல்ல மாட்டேன்றீங்க, போடுன்னும் சொல்ல மாட்டேன்றீங்க."

அவள் சொன்னது சரி. நான் எழுதி வைத்திருந்த ஒப்பீட்டில் பைக்கு எதிராகப் பத்து வரி இருந்தது. ஊசிக்கு எதிராக ஒரு வரிகூட இல்லை, அதைப் பற்றி எதுவுமே தெரியாது என்பதால். அந்தத் தாளை மட்டும் பார்த்தால் ஊசிதான் தேறும். எனக்கு ஊசியைப் பார்த்துப் பயம். என் தாளோ அதைப் பரிந்துரைத்தது. எதை நம்புவது?

டிசம்பரில் அவள் வேறொரு மருத்துவரிடம் தனியாகப் போய்வந்தாள். கொஞ்சம் வயதான பெண் மருத்துவராம். ஒரு தாளில் படம் போட்டு, பை எங்கே உட்காரும், எங்கே இறுகும், எப்படிக் கிழியலாம் என்று காட்டியிருக்கிறார். செய்துகொள்ளாமல் இருந்தாலும் ஒன்றும் குறையில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

"அப்ப வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"இல்ல. பை வெச்சிக்கறேன்னு சொல்லி தேதி வாங்கினு வந்துட்டேன். கெட்டது அத்தனையும் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க ஆன்ட்டி. மாவு மில்லு அக்காவும் அப்டித்தான சொன்னாங்க."

குறையை ஒப்புக்கொண்ட சரக்கை அந்தக் காரணத்துக்காகவே ஒருத்தி வாங்குவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அறுவை சிகிச்சைக்கு நான்தான் கூடப் போனேன். பொங்கல் முடிந்து பள்ளி திறந்த பிறகும் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. குழந்தைகளுக்கு நான் தலை பின்னினேன்; கோணலாக இருக்கிறது என்று பள்ளியில் அவிழ்த்துவிட்டார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் "வலிக்குது" என்பாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று கேட்டால், "நீங்க இன்னா பண்ணீங்க? நான்ல பண்ணேன்," என்பாள். ஒருநாள் சும்மா கண்ணாடி முன் நின்று, பக்கவாட்டில் திரும்பி, தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா என்று கேட்டேன்.

"தெர்ல ஆன்ட்டி. பாத்துகினே இருக்கணும் போலக் கீது."

இவளுடைய இடது பக்கமும் நாளைக்குக் கல்லாகுமா, கல்லானால் இவளும் அதை "என்னுது" என்பாளா, எனக்கு விளங்கவில்லை. பிப்ரவரியில் பார்லரைத் திறந்தாள். அன்றைக்கு முதல் வாடிக்கையாளருக்குப் புருவம் திருத்த நூலை இழுத்தபோது முகத்தைச் சுளித்தாள், ஆனால் நிறுத்தவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தபால்காரர் என் பெயருக்கு வந்த உறையை நீட்டினார். கிளினிக்கின் முத்திரை. உள்ளே ஒரே வரி: தாங்கள் கேட்ட ஊசி முறை தற்போது எங்களிடம் செய்யப்படுவதில்லை. ஏன் நிறுத்தினார்கள், ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் என்ன செய்வது, என் கேள்விகளுக்குப் பதில் எங்கே, ஒன்றும் இல்லை.

உரக்கப் படித்தேன். அவள் நூலைப் பல்லில் கடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த புருவத்தைத் தொடங்கினாள். நான் பேனாவை எடுத்து, பழக்கத்தால், உறையின் மூலையில் எழுதினேன்: வரவு, 9.2.2009, திங்கட்கிழமை.