ஒரு லிட்டருக்கு மேலே

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தபோது, தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் என் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். நான் சித்தூர்க்காரி, வீட்டில் தமிழ். அப்படித்தான் புத்தூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் என்னிடம் வந்து சேர்ந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். காலில் முள் குத்தி, கவனிக்காமல் விட்டு, முழங்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை அவருடைய இதயம். அது முன்பே பலவீனம். உடம்பில் நீர் கூடினால் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டிவிடும். நாள் முழுக்க ஒரு லிட்டர்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்.

துணைக்கு இருந்தவர் அவர் மனைவி. மெலிந்த உடம்பு, அதிகம் பேசாத பெண். கட்டிலை விட்டு நகரவே மாட்டார்.

உள்ளே போகிற நீரையும் வெளியே வருகிற நீரையும் அளந்து சீட்டில் எழுதுவது எங்கள் வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு எடை பார்ப்பார்கள். நான்காம் நாள் காலை டியூட்டிக்கு வந்து சீட்டைப் புரட்டியபோது எனக்கு உறுத்தியது. உள்ளே போனது தொள்ளாயிரத்து ஐம்பது மில்லி. சிறுநீர் ஆயிரத்துக்கும் மேல். அப்படியானால் எடை குறைய வேண்டும். ஆனால் அறுநூறு கிராம் ஏறியிருந்தது. முந்தைய நாளும் ஏறியிருந்தது. அவருடைய நல்ல காலில் கணுக்காலை விரலால் அழுத்தினேன். விழுந்த குழி எழும்பவே இல்லை.

யாரோ தண்ணீர் கொடுக்கிறார்கள். யாரோ என்ன, மனைவிதான். வேறு யார் இருக்கிறார்கள்?

அன்று முழுக்க அந்த அம்மாவின் மேலேயே கண் வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போடும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை ஈரத் துணியால் கணவரின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தார். நேராகப் போய் நின்றேன்.

"பெரிம்மா, தண்ணி குடுத்தீங்களா?"

"இல்ல சிஸ்டர். ஒதடு காஞ்சி வெடிச்சிக்கீது. தொட்டுத் தொடச்சேன், அவ்ளோதான்."

"அந்தத் துணிய அவர் சப்புறாரா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையையும் நான் குற்றமாகவே எடுத்துக்கொண்டேன். துணியைப் பிழிந்து பார்த்தேன். கட்டிலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நர்ஸுகள் மேசையில் வைத்து, தாகமெடுத்தால் இங்கே வந்து குடியுங்கள் என்றேன். பிற்பகலில் அவர் பாத்ரூம் போன நேரம் பார்த்து, கட்டில் பக்கத்து அலமாரியைத் திறந்தேன். செய்தித்தாளில் சுருட்டிய சாத்துக்குடித் தோல் கிடைத்தது.

"அது நான் துன்னது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "மத்தியானம் சோறு எறங்கல, அதான்."

நான் நம்பவில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தது மாதிரி ஒரு திருப்திகூட வந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாலையில் டாக்டர் வந்ததும் எடை, கால் வீக்கம், சாத்துக்குடித் தோல் எல்லாவற்றையும் தெலுங்கில் ஒப்பித்தேன். இந்த அம்மாதான் ஒளித்துக் கொடுக்கிறார் என்றேன். வார்டில் இருந்த பத்துப் பேரும் கேட்டார்கள். அந்த அம்மா எழுந்து நின்று, "நேனு இய்யலேது சார்" என்றார். நான் கொடுக்கவில்லை என்று டாக்டரின் மொழியிலேயே சொல்லியும் அவர் தலை நிமிரவில்லை. ஒரு நாள் இந்த அம்மா வெளியே இருக்கட்டும் என்றார்.

கீழே வரவேற்பறைப் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். போகும்போது என்னிடம், "நான் ஊட்னாதான் நாலு வாய் துன்னுவாரு சிஸ்டர், பாத்துக்கோ" என்றார்.

மறுநாள் காலை எடையைப் பார்த்தேன். எழுநூறு கிராம் கூடியிருந்தது.

இரவு நர்ஸிடம் யாராவது உள்ளே வந்தார்களா என்று கேட்டேன். யாரும் வரவில்லை. அப்புறம் வார்டு பெருக்கும் பெண்மேல் சந்தேகம் போனது. அவளும் புத்தூர்ப் பக்கம்தான். கேட்டதும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "என்னாண்ட வேலை வாங்கறது பத்தாதுன்னு இது வேறயா?" என்று சண்டைக்கு வந்தாள். எடை மெஷினைச் சந்தேகித்து நானே ஏறி நின்றேன். சரியாகத்தான் காட்டியது. அவரே எழுந்துபோய்க் குழாயில் குடிக்கிறாரோ என்றால், அந்தக் காலை வைத்துக்கொண்டு, இரண்டு பேர் பிடிக்காமல் அவரால் நிற்கவே முடியாது.

மத்தியான மருந்து நேரம். கொக்கியில் பாட்டிலை மாட்டி, அவர் கையில் இருந்த ஊசிக்குழாயில் இணைத்தேன். மனைவி போனதிலிருந்து அவர் யாரிடமும் பேசவில்லை. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"சிஸ்டர், வாயால ஒரு மடக்கு கேட்டா கூடாதுன்ற. கையில மட்டும் பாட்டில் பாட்டிலா ஏத்திக்கினே கீற. இது தண்ணி இல்லியா?"

"இது மருந்து ஐயா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் கண் கொக்கியில் இருந்த பாட்டிலுக்குப் போனது.

மருந்துதான். ஆனால் கால் புண்ணுக்கான அந்தப் பொடி மருந்தை நூறு மில்லி உப்பு நீரில் கரைத்துத்தான் ஏற்றுகிறோம். ஒரு நாளைக்கு நான்கு தடவை. இன்னொரு மருந்து நூறு மில்லி பாட்டிலாகவே வருகிறது, அது மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் பிறகு குழாயைக் கழுவ இன்னும் பத்து மில்லி. மனதுக்குள் கூட்டியது போதாமல் உள்ளங்கையில் பேனாவால் எழுதிப் பார்த்தேன். முக்கால் லிட்டருக்கும் மேல் வந்தது. அதிலும் உப்பு நீர், உடம்பிலேயே தங்கிவிடும். மருந்துச் சீட்டில் வேளை தவறாமல் டிக் போட்டிருந்தோம். நீர் அளவுச் சீட்டில், நரம்பு வழியாக ஏற்றும் நீருக்கான ஐ.வி. கட்டத்தில் தினமும் 'நில்', அதாவது ஏதுமில்லை. குளுக்கோஸ் எதுவும் ஏற்றவில்லை, அதனால் நில். ஐந்து நாளில் மூன்று நில் என் கையெழுத்தில் இருந்தது.

தலைமை நர்ஸிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இன்னையிலிருந்து சரியா எழுது, பழைய சீட்டைத் தொடாதே" என்று தெலுங்கில் சொன்னார். பழைய சீட்டை நான் தொடவில்லை. ஆனால் அன்றைய குறிப்பில், இத்தனை நாள் இவ்வளவு நீர் எழுதாமல் விடுபட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. டாக்டர் அதைப் படித்துவிட்டு, "யாருமே பார்க்கலையா?" என்றார். அந்த யாரில் அவரும் உண்டுதானே என்று நினைத்தேன். ஒரு மருந்தை மாத்திரையாக மாற்றினார். மற்றதைக் கொஞ்ச நீரில் கரைத்து, சின்ன பம்ப் வைத்து மெதுவாக ஏற்றச் சொன்னார்.

பிறகு கீழே போய் அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தப்பு எங்களுடையது, மன்னிச்சிடுங்க பெரிம்மா என்றேன். அவர் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பத்து பேர் எதிர்ல என்னைச் சொன்ன. தப்புன்றத மட்டும் இங்க வந்து தனியா சொல்ற."

அவரை அழைத்துக்கொண்டு மேலே போனேன். வார்டு நடுவில் நின்று, இவங்க தண்ணி கொடுக்கல, நாங்கதான் மருந்தோட ஏத்தினோம் என்று முதலில் தெலுங்கிலும் அப்புறம் தமிழிலும் சொன்னேன். பெருக்குகிற பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவளிடமும் சொன்னேன்.

அந்த அம்மா கணவருக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்தார். நான் நகரும்போது மெதுவாக, "மொத நாளு ஒரே ஒரு மடக்கு குடுத்தேன்" என்றார். "அப்றம் குடுக்கல."

ஒரு மடக்கு என்றால் முப்பது மில்லி இருக்குமா? அன்று மட்டும்தானா? அந்த நிமிஷத்திலும் என் மனம் கேட்டது. கேட்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அன்றிலிருந்து அந்த அம்மா என்னைக் கண்காணிக்க ஆரம்பித்தார். நான் சிரிஞ்சை எடுத்தால் எழுந்து வந்து பக்கத்தில் நிற்பார்.

"இது எத்தினி மில்லி?"

"இருபது."

"எழுதிட்டியா? காட்டு."

அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவர் கேட்பதற்கு முன்பே சீட்டை நீட்டினேன்.

நான்கைந்து நாளில் எடை இறங்கியது, மூச்சு சீரானது, காலில் சிவப்பு வற்றியது. வீட்டுக்குப் போகும் நாளில் அந்த அம்மா மாத்திரைகளை ஒவ்வொன்றாக என் முன்னால் எடுத்து வைத்து, எது எதற்கு என்று இரண்டு தடவை சொல்ல வைத்தார். இரண்டு தடவையும் ஒன்றாகவே சொல்கிறேனா என்று பார்த்தார். பெரியவர் மனைவியின் தோளைப் பிடித்து எழுந்து, "வரேன் சிஸ்டர்" என்றார். அந்த அம்மா மாத்திரைப் பையைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு லிப்ட் பக்கம் நடந்தார்.