சத்தமில்லாத துவக்குகள்

கொம்பியூட்டர் படிப்பிக்கப் போகிறவள் கடைசியில் யார் யாரைச் சுட்டார்கள் என்ற வழக்கைத் தீர்க்க வேண்டிவரும் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. கடை மேசைக்குப் பின்னால் இருந்து பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நாம் படித்தது ஒன்றாக இருக்கும், வந்து நிற்கும் ஆட்களுக்கு வேண்டியது வேறொன்றாக இருக்கும்.

தொழினுட்பக் கல்லூரியை முடித்துவிட்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றெட்டில் கல்முனைக்குடியில் என் சாச்சாவின் கொம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். வாப்பாவின் தம்பியுடைய இடம் என்பதால்தான் வீட்டில் விட்டார்கள். மெயின் றோட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. ஆறு கொம்பியூட்டர்கள். காலையில் பெண் பிள்ளைகளுக்கு டைப்பிங் வகுப்பு. அதில் ஏழு பேர்தான் இருந்தார்கள். ஆகவே மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு சாச்சா இளைஞர்களை விளையாட விட்டார். ஆறு கொம்பியூட்டர்களையும் வயரால் கோத்திருந்ததால் ஒருவரோடொருவர் மோதலாம். யார் எந்த நம்பரில் இருப்பது என்று கொப்பியில் எழுதி ஆளை அனுப்புவது என் வேலை. நான் ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்கிறவள் இல்லை. கொப்பியைப் பார்த்துத்தான் கதைப்பேன்.

ஸ்பீக்கர்

முதலில் வந்தது, இருட்டுப் பாதைகளில் ஓடி எதிரே வரும் பூதங்களைச் சுடும் விளையாட்டு. ‘பூதக் கேம்’ என்று பேர் வைத்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, சாச்சா பெருமையாக ஆறு கொம்பியூட்டர்களின் ஸ்பீக்கரையும் முழுச் சத்தத்தில் திருகிவிட்டார். துவக்குச் சத்தம் ஜன்னலால் றோட்டுக்கு இறங்கியது. கீழே புடவைக் கடை ஹாஜியார் கதவைப் பாதி இழுத்து மூடிவிட்டார். துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் செருப்பையும் விட்டுவிட்டு ஒழுங்கைக்குள் ஓடினாள். நிற்க வேண்டிய பஸ் நிற்காமல் போனது. சந்திச் சென்ரிக் காவலரணிலிருந்து இரண்டு ஆமிக்காரர் படியேறி வந்தார்கள். திரையில் பூதத்தைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிக்காமல் இறங்கிப் போனார்கள்.

அன்றைக்கே சாச்சா ஸ்பீக்கர்களையெல்லாம் கழற்றி, ஒரு பெட்டியில் போட்டு என் மேசைக்குக் கீழே தள்ளினார். அதற்குப் பிறகு அந்த மாடியில் எந்தத் துவக்கும் சத்தம் போடவில்லை. நெருப்பு வரும், ஆள் விழுவான், மின்விசிறி மட்டும் கிரீச்சிடும். மன்னிப்புக் கேட்கப் போன சாச்சாவிடம் ஹாஜியார் கோபப்படாமல் சொன்னாராம்: “அது பொய்த் துவக்கெண்டு எங்களுக்குத் தெரியும் தம்பி. எங்கட காலுக்குத்தான் தெரியா.”

ஸ்பேஸ் பார்

மூன்று மாதத்தில் இரண்டாவது விளையாட்டு வந்தது. பூதங்கள் இல்லை. பெட்டிகள் அடுக்கிய களஞ்சியத்துக்குள் ஆளை ஆள் சுட வேண்டும். முதல் விளையாட்டில் பழகிய கை இரண்டாவதில் என்ன செய்யும் என்பதை நான் மேசையில் இருந்தபடியே படித்தேன். பூதக் கேமில் கதவு திறக்க ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும். பெட்டிக் கேமில் அதே ஸ்பேஸ் பார் துள்ளுவதற்கு. றிபாய் என்ற மேசன் வேலைக்காரருக்கு விரல் சொல்வழி கேட்கவில்லை. வாசலுக்கு வாசல் போய் நின்று துள்ளுவார், துள்ளும்போதே சூடுபடுவார். உள்ளே வர வெட்கப்படும் புது மாப்பிள்ளை போல வாசலில் நின்று ஆடுகிறான் என்று மற்றவர்கள் சிரித்துச் சாய்வார்கள். சீமெந்து காய்ந்த விரல்களை அவர் சாரனில் துடைத்துவிட்டு மறுபடியும் துள்ளுவார்.

சக்கரியா மட்டும் புது விளையாட்டிலும் அரை மணித்தியாலத்தில் முதலாவதாக வந்துவிட்டார். வரிப்பத்தான்சேனைப் பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றும் லொறியில் வேலை செய்தவர். இருபத்தைந்து வயதிருக்கும். குறி பார்ப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர் இருந்தார்கள். ஆனால் அவரை ஒருவராலும் பின்னால் போய்ச் சுட முடியவில்லை. நாலைந்து எட்டு ஓடினால் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். பூதக் கேமிலும் அப்படித்தான், பெட்டிக் கேமிலும் அப்படித்தான். யார் சொல்லித் தந்தது என்று றிபாய் கேட்டதற்கு அவர் சொன்னார்: “கேம் எதுவானா என்னடா, முதுகு ஒண்டுதானே.”

டயர்

சக்கரியாவை நான் முதலில் திமிர் பிடித்தவர் என்றுதான் நினைத்தேன். ஆறாம் நம்பருக்குப் போங்க என்று சொன்னால் மூன்றாம் நம்பரில் போய் உட்காருவார். ஒரு நாள் நான் கொப்பியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, குனிந்து என் முகத்தைக் கீழிருந்து பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் குனியவில்லை. நம்பரும் கேட்கவில்லை. காலியான கதிரையில் போய் இருந்துவிடுவார்.

ஒரு பின்னேரம், ஆறு பேரும் விளையாட்டில் மூழ்கியிருக்க, கீழே றோட்டில் ஒரு லொறியின் டயர் வெடித்தது. கண் மூடித் திறப்பதற்குள் நாங்கள் எல்லோரும் மேசைகளுக்குக் கீழே கிடந்தோம். நான் ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தேன். ஒரு கதிரையில் மட்டும் ஆள் இருந்தார். கால் பெருவிரலால் மெதுவாகத் தாளம் போட்டபடி, அசையாமல் நின்ற ஐந்து பேரையும் சக்கரியா திரையில் ஒவ்வொருவராகச் சுட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தபடி பக்கத்தில் பார்த்தார். வெறும் கதிரைகள். குனிந்து எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மட்டும்தான் கண்டேன். டயருக்குப் பயந்த எங்களில் ஒருவருக்கும் அப்படி முகம் வெளுத்திருக்காது.

மற்றவர்கள் தூசி தட்டிக்கொண்டு எழுந்தார்கள். றிபாய் அவருடைய தோளில் அடித்து, கடை முழுவதற்கும் சொன்னார்: “இவனுக்குப் பயமெண்டா என்னெண்டே தெரியாடா.”

வாய் அசைவு

அடுத்த நாள் டைப்பிங் வகுப்பு விட்டுப் பிள்ளைகள் படியிறங்கும்போது சக்கரியா வந்தார். வாசலுக்கு இந்தப் பக்கம் வராமல், அங்கேயே நின்று சொன்னார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் லொறி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் குண்டு ஒன்று வெடித்ததாம். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள், சொல்கிறார்கள் என்பது வாய் அசைவதில்தான் தெரிந்ததாம். வலக் காது முழுக்க அடைத்துவிட்டது. இடக் காதில் தண்ணீருக்குள் இருப்பது போல ஏதோ இடிக்கும், அவ்வளவுதான். தொழுகைக்குக் கூப்பிடும் பாங்கு கேட்காது, ஆட்கள் பள்ளிவாசலுக்கு நடப்பதைப் பார்த்து நேரம் அறிவார். பின்னால் பஸ் வந்தால் தெரியாது என்பதால் நாலைந்து எட்டுக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்து நடப்பார். நான் விளையாட்டுக் கெட்டித்தனம் என்று நினைத்தது, அவர் கல்முனை றோட்டில் பழகியது.

உம்மாவுக்கும் தங்கச்சிக்கும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ஹாஜியாரின் மருமகன் கட்டார் நாட்டில் ஒரு களஞ்சியத்துக்கு நாலு பேரை வேலைக்கு எடுக்கிறார். ஹாஜியாரின் பட்டியலில் சக்கரியாவின் பேர் மூன்றாவது. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். அந்த வீட்டின் சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. கட்டுகிறவரும் றிபாய்தான். மிச்சத்தைக் கட்டார்தான் கட்ட வேண்டும். இந்த மாடி ஏன் பிடிக்கும் என்றும் சொன்னார். இங்கே ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது, ஆகவே அவரும் மற்றவர்களும் ஒன்று. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். போகும்போது சொன்னார்: “எல்லார்ர வாயும் எனக்குக் கேக்கிது டீச்சர். ஒங்கட வாய்தான் கொப்பிக்குள்ள கிடக்கு.”

ஹெட்போன்

அடுத்த முறை சாச்சா கொழும்புக்குப் போய் மூன்றாவது விளையாட்டையும் ஆறு ஹெட்போனையும் கொண்டுவந்தார். இனிச் சத்தமும் உண்டு, றோட்டுக்கும் தொந்தரவு இல்லை என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இந்த விளையாட்டில் கண்ணைவிடக் காதுதான் பெரிது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் நடந்தால் காலடி கேட்கும். அதைக் கேட்டவன் பிழைப்பான். வாசலில் துள்ளிச் சிரிப்பு வாங்கிய றிபாய் அன்று ராசாவாகிவிட்டார். கட்டடச் சாரத்தில் நின்று வேலை செய்கிறவர் அல்லவா, பலகை கிரீச்சிட்டால் எந்தப் பக்கம் என்று அவருடைய காதுக்குத் தெரியும்.

சக்கரியா திரும்பித் திரும்பிப் பார்த்தார். போதவில்லை. திரும்பி முடித்த பக்கத்தில் யாரோ நின்று சுட்டார்கள். அவரும் ஹெட்போன் போட்டிருந்தார். ஆனால் அதன் வயர் கொம்பியூட்டரில் மாட்டப்படாமல் மேசைக்குக் கீழே தொங்குவதை நான் கண்டேன். அது எப்படியும் ஒருவர் கண்ணில் படும். எழுந்து போய்க் குனிந்து மாட்டிவிட்டிருக்கலாம், சத்தத்தைக் குறைத்தும் விட்டிருக்கலாம். ஆறு ஆண்களுக்கு நடுவில் போய்க் குனிய எனக்கு வெட்கமாக இருந்தது. கொப்பியில் ஒரே பேரை இரண்டு தரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

சாச்சா கண்டுவிட்டார். தோற்பதற்கு இதுதானே காரணம் என்று அன்பாகத் திட்டி, வயரை மாட்டி, சத்தத்தை முழுதாகத் திருகினார். சக்கரியாவின் காதிலிருந்து வழிந்த காலடிச் சத்தம் என் மேசைக்கே கேட்டது. டக், டக், டக். எல்லோருக்கும் கேட்டது. திரையில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார், சூடுபட்டார். அந்த நேரம் பார்த்துப் பாஸ்போட் விசயமாக ஹாஜியார் மேலே வந்திருந்தார். சாச்சா சக்கரியாவின் ஹெட்போனைக் கழற்றினார். பின்னால் நின்று ஹாஜியார் சக்கரியா என்று கூப்பிட்டார். இன்னொரு தரம், கொஞ்சம் பெரிதாகக் கூப்பிட்டார். மற்ற ஐந்து பேரும் திரும்பினார்கள்.

றிபாய் வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. கேட்டார்: “அப்ப இவ்வளவு நாளும் நாம ஒரு செவிடனுக்கிட்டயாடா தோத்தது?”

பட்டியல்

சாச்சா சக்கரியாவுக்காக நிறையக் கதைத்தார். ஹாஜியார் கெட்ட மனிதர் இல்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். களஞ்சியத்தில் சாமான் தூக்கும் வண்டிகள் பின்னுக்குப் பின்னுக்கு வருமாம், கோர்ன் அடித்தால் விலக வேண்டுமாம், ஒன்று நடந்தால் அந்த உம்மாவுக்குத் தான் எந்த முகத்தைக் காட்டுவது என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே படியிறங்கினார்.

தரையைப் பார்த்துச் சொன்னது சக்கரியாவுக்கு எட்டவில்லை. அவர் சாச்சாவைப் பார்த்தார், சாச்சா ஜன்னலைப் பார்த்தார். றிபாயைப் பார்த்தார், றிபாய் விரலில் இருந்த சீமெந்தை உரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, ஹாஜியார் என்ன சொன்னார் என்று கேட்டார். வேறு ஒருவரும் சொல்லப் போவதில்லை. கொப்பியை மூடினேன். முக்காட்டைக் கன்னத்திலிருந்து ஒதுக்கினேன். தலையை நிமிர்த்தி, அவருடைய கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, “ஒங்கள அனுப்ப ஏலாவாம்” என்றேன். சத்தம் வந்ததோ தெரியாது.

அவர் என் வாயைப் பார்த்து முடித்தார். பிறகு, நான் ஏதோ நல்லது செய்தது போலத் தலையசைத்துச் சொன்னார்: “இப்பதான் டீச்சர் நீங்க சொல்றது வடிவாக் கேக்கிது.”

ஹெட்போன் இல்லாத ஐந்து நிமிடம்

இரண்டு கிழமை அவர் வரவில்லை. றிபாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு அந்த வீட்டுச் சுவரை எப்படிக் கட்டுவது என்று என் சாச்சாவிடம் புலம்பினார். கடைசியில் அவரே போய்ச் சக்கரியாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். ஆறு ஹெட்போனும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் போனது. பழைய பெட்டிக் கேமைப் போட்டார்கள். பழையபடி மின்விசிறிச் சத்தம் மட்டும்.

சக்கரியா வென்றுகொண்டே போனார். மேசையில் இருந்த எனக்கே விளங்கியது. றிபாய் பின்னால் வந்தும் சுடாமல் நின்றார். இன்னொருவர் பெட்டிக்கு வெளியே வந்து முதுகைக் காட்டினார். அவர் விழுவதற்குப் பதிலாக அவர்களே விழுந்துகொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் போயிருக்காது. சக்கரியா கையை எடுத்து மடியில் வைத்தார். கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு எழுந்தார். றிபாயின் தலையில் கையை வைத்து, சிறு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: “கேக்காட்டியும் எனக்குத் தெரியும்டா.”

அவர் மறுபடியும் வரிப்பத்தான்சேனை லொறிக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன், அந்த வீட்டின் சுவரோ நான் கடையை விடும் வரைக்கும் ஜன்னல் மட்டத்தில்தான் நின்றது.

ஒரு நாளும் அந்தத் துவக்கைத் தொடாத நான் அங்கிருந்து கொண்டுவந்த ஒரே கைப்பழக்கம், பிறகு வேலை பார்த்த இடங்களிலெல்லாம், காது நன்றாகக் கேட்கிறவர்களிடமும் முகத்தை நிமிர்த்தி ஒவ்வொரு சொல்லாகக் கதைத்து, இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் திமிர்தான் என்று பேர் வாங்கியது.